வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்

வீடில்லாதவருக்கு வீடு வாங்கிக் கொடுக்கும் வேலையில் கஷ்டமான பகுதி, வீடு கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நான் திருவண்ணாமலையில் சமுதாய அமைப்பாளர். பெயர் பெரிதாக இருந்தாலும் ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற மாதத்தில் எனக்குச் சோறு இறங்காது. தெருவோரம் படுப்பவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், அரசுத் தங்குமிடத்தில் சேர்க்க வேண்டும், அவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கேட்டு எழுத வேண்டும். வங்கியிலோ தாலுகா ஆபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ, ஒரு படிவத்துக்கும் ஒரு மனிதருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பாதியிலேயே புரிந்துவிடும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்தக் கட்டம்?

மற்ற ஊர்களில் இந்தக் கணக்கெடுப்பு சுலபம். நடைபாதையில் படுத்திருப்பவர் வீடில்லாதவர், முடிந்தது. எங்கள் ஊரில் கிரிவலப் பாதையில் விடியற்காலை ஒரு நடை போய்ப் பாருங்கள். வேலை தேடி வந்து நின்றுபோனவர், பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனவர், பௌர்ணமிக்கு வந்து ஊர் திரும்பாதவர், எல்லாவற்றையும் துறந்து வந்தவர், எல்லோரும் ஒரே வரிசையில் படுத்திருப்பார்கள். பாதிப் பேர் மேல் காவி. காவி கட்டியவர் எல்லாம் சாமியாரும் இல்லை, கட்டாதவர் எல்லாம் சம்சாரியும் இல்லை. யாரை எழுதுவது, யாரை விடுவது? ஒருவரை விட்டாலும் அவருக்கு வர வேண்டியது வராமல் போகும் என்று எனக்கு உதறல்.

அடி அண்ணாமலை டீக்கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு காவிக்காரரிடம் பேனாவைத் திறந்தேன். அவர் என் படிவத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்:

"நான் வீடு வேணாம்னு வந்தவன்மா. வேணும்னு நிக்கிறவன் அதோ அங்க படுத்திருக்கான். ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போட்டுடாத, அவனுக்கு வர வேண்டியது எனக்கு வந்துடும்."

எங்கே தூங்குகிறீர்கள்?

கன்னியப்பனை அன்றுதான் முதலில் பார்த்தேன். தேரடிப் பக்கம் ஒரு சந்து முனையில், கோணியை விரித்து, அதைச் சுற்றி ஊர்ப்பட்ட செருப்புகளுடன் உட்கார்ந்திருந்தார். வெறுங்காலோடு கோயிலுக்கும் மலை சுற்றவும் போகிறவர்கள் அவரிடம் செருப்பை விட்டுவிட்டுப் போவார்கள். டோக்கன் கிடையாது, நம்பர் கிடையாது. திரும்பி வருகிறவரின் காலைப் பார்த்துவிட்டுச் சரியான ஜோடியை நகர்த்தி வைப்பார். அறுபது வயதிருக்கும். போளூர்ப் பக்கத்து ஆள். குடும்பம் என்று யாரும் இல்லை. பதினோரு வருஷமாக அந்தச் சந்து முனைதான்.

ஒரு தடவை அசந்து படுத்ததில் ஒரு ஜோடி காணாமல் போய், அதைப் பறிகொடுத்தவர் இவர் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டாராம். அதிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வதோடு சரி. எனக்கு ஆபீஸில் மேடம் என்று பெயர். அவர் மட்டும் என் முக்காட்டைப் பார்த்த உடனே "பாயம்மா" என்றார். நான் படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே வாசித்தேன்: எங்கே தூங்குகிறீர்கள்?

"தூங்கறதா? அப்பறம் செருப்ப யாரு பாத்துக்கறது?"

படிக்கட்டுப் படம்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் அரங்கில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார். கீழ்ப்படியில் நடைபாதை, அடுத்தது தங்குமிடம், அடுத்தது வேலை, அடுத்தது வாடகை அறை, உச்சியில் சொந்த வீடு. பிறகு அதையே அழித்துவிட்டு, இப்போதெல்லாம் உலகத்தில் முதலிலேயே வீட்டைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள், வீடு இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்றார். நான் மும்முரமாகக் குறிப்பெடுத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. கன்னியப்பன் அந்தப் படிகளில் ஏறி முடிக்க இன்னொரு ஜென்மம் வேண்டும்.

பக்கத்தில் எங்கள் தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவகி உட்கார்ந்திருந்தாள். அங்கே மூன்று வாரமாக ஆண்கள் பக்கம் கழிப்பறைத் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னதும் எழுந்து நின்றாள்.

"சார், ரெண்டு படமும் நல்லா இருக்குது. இதுல கக்கூஸ் எந்தப் படியில வருதுனு சொன்னீங்கன்னா, அதுவரைக்கும் எங்க போவணும்னு அவங்களுக்குச் சொல்லிடுவேன்."

தனி ஆள்

கன்னியப்பனைத் தங்குமிடத்தில் சேர்த்து, அந்த முகவரியில் ஆதார் வாங்கி, வீட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு இடம், 'குடும்ப உறுப்பினர்கள்' என்று ஐந்து வரி. ஐந்தும் காலி. எங்கள் கண்காணிப்பாளர் குமரவேல் சார் அந்தக் காலி வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை குட்டியோடு இத்தனை பேர் காத்திருக்கும்போது தனி ஆளுக்கு எதற்கு என்றார். தனி ஆளும் மழையில் நனைவார் சார் என்றேன். விதியில் தனி ஆளுக்கும் இடம் இருக்கிறது என்று பக்கத்தை மடித்துக் காட்டினேன். ஆறு தடவை நடந்தேன்.

ஏழாவது தடவை பேனாவை எடுத்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். என்னைப் போலத்தான்.

"போட்டுடறேன் மேடம். ஆனா நாளைக்கு அந்த ஆளு அங்க இல்லைனு ஒரு காகிதம் வந்துச்சுன்னா, உங்க ஒப்பந்தத்துல என் கையெழுத்து இருக்காது."

சாவி

வீடு ஊருக்கு வெளியே, மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை, ஜன்னலைத் திறந்தால் மலை. கன்னியப்பன் குழாயைத் திறந்து மூடினார். சுவிட்சைப் போட்டு அணைத்தார். தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தேவகி ஸ்டவ்வும் பாத்திரமும் பாயும் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு அவர் ஜன்னலில் நின்று கோபுரம் எந்தப் பக்கம் என்று வெகுநேரம் தேடினார். கோபுரம் தெரிந்தது, சின்னதாக. அங்கே போக ஒரு பஸ், கொஞ்சம் நடை. கொள்கை எழுதியவர் யாரும் இந்த ஜன்னலில் நின்று கோபுரத்தைத் தேடியிருக்க மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது.

"வூடு சொக்கமா இருக்குது பாயம்மா. ஆனா நான் ஒரு எடத்துல, செருப்பு ஒரு எடத்துலன்னு ஆயிப்போச்சே?"

காவலாள்

ஒதுக்கிய வீட்டில் ஆள் குடியிருக்கிறாரா என்று ஆய்வாளர் மூன்று முறை வந்து பார்ப்பார். மூன்று முறையும் பூட்டியிருந்தால் ஒதுக்கீடு ரத்து. விதி நியாயமானதுதான், வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் முறை வந்தபோது கன்னியப்பன் தேரடியில் இருந்தார். வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது முறை வந்ததற்கு ஒரு அறிக்கையே வந்தது. 'வீடு பூட்டியுள்ளது. ஒதுக்கீடு பெற்றவர் இல்லை. வாசலில் காவலாள் நியமித்துள்ளார். காவலாள் நியமிக்கும் அளவு வசதி உள்ளதால் தகுதி குறித்து விளக்கம் தேவை.' இரண்டு தடவை படித்தேன். பிறகு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

பூட்டிய கதவுக்கு முன்னால் கோணியை விரித்து, சுவரில் சாய்ந்து, கன்னியப்பன்தான் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் கையில் தூக்கிக்கொண்டு போகிற பையைத் தவிர அவருக்கு வேறு சொத்து இருந்ததில்லை. இப்போது உள்ளே ஸ்டவ், பாத்திரம், பாய் எல்லாம் இருக்கிறது. யாராவது கொண்டுபோய்விட்டால்? கேமராவோடு வந்த ஆய்வாளர், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதும், செருப்பைக் கேட்கிறவர்களிடம் தினமும் சொல்கிற பதில் தானாக வந்துவிட்டது: ஆளு இல்லீங்க, வருவாங்க, நான்தான் பாத்துக்கறேன். உள்ளே உட்கார்ந்து காவல் காத்தால் ஆகாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"உள்ள ஒக்காந்துக்கினா வெளிய யாரு வர்றாங்கன்னு எப்பிடித் தெரியும் பாயம்மா? காவல்னா வெளியதான இருக்கணும்?"

பௌர்ணமி

அந்தக் காவலாள்தான் வீட்டுக்காரர் என்று விளக்கம் எழுதி அனுப்பினேன்; கடைசி ஆய்வுக்குத் தேதி குறித்து அனுப்பினார்கள். குறித்தவர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. அது பௌர்ணமி. எங்கள் ஊரில் அன்றைக்குக் கல்யாணம்கூட வைக்க யோசிப்பார்கள். காலையிலேயே தேரடிக்குப் போனேன். கன்னியப்பனைச் சுற்றி அதற்குள் செருப்புக் குவியல் முட்டளவு. இன்றைக்கு வீட்டில் இல்லாவிட்டால் வீடு போய்விடும் என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. நம்பி விட்டுப் போனவர்கள் எல்லாம் வெறுங்காலோடு ஊர் திரும்ப வேண்டுமா என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல், நான் உட்காருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொல்லிக் கொடுத்தார்: மூஞ்சியைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க, வெடிப்பு, கோணல் விரல், மெட்டி, அதை ஞாபகம் வையுங்க. ஆய்வாளர் வந்து போகும்வரை கதவைத் திறந்துவைத்து உள்ளேயே இருங்கள் என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

கழுத்தில் அடையாள அட்டையோடு கோணியில் உட்கார்ந்தேன். எங்கள் தெரு பாய் ஒருவர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார். ஒரு மணி நேரத்தில் எல்லாக் காலும் ஒரே கால் மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஆய்வாளருக்கு மூன்று முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். வருவாரா, வராமலே பூட்டு என்று எழுதிவிடுவாரா? அந்தக் கவலையில் யாருக்கு எதைக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் ஒரு ஜோடிக் கால் என் முன்னால் வந்து நின்று, நகராமல் நின்றது. நிமிர்ந்தேன். மலை சுற்றிவிட்டு வந்த குமரவேல் சார்.

"ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாசம் இருக்குதே மேடம், அதுக்குள்ள வேற வேலைல சேந்துட்டீங்களா? சரி, என் செருப்பு எங்க?"

கடைசி ஆய்வு

காலையில் நான் வருவதற்கு முன்னால் கன்னியப்பனிடம் விட்டுவிட்டுப் போன அவர் செருப்பு இல்லை. யார் காலில் போயிற்றோ. நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் மிச்சம் கிடந்ததில் ஒரு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இருட்டும் நேரத்தில் தேவகி வந்து என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். ஆய்வாளர் பஸ் கிடைக்காமல் பாதியிலேயே திரும்பிவிட்டார், மறுநாள் காலையில் வருகிறார் என்று நான் வீட்டுக்குப் போனதும் செய்தி வந்தது. விடிந்ததும் கன்னியப்பன் தேரடிக்குக் கிளம்பியிருப்பார் என்று எனக்கு நிச்சயம். வாய்க்கு வந்த துஆவை எல்லாம் ஓதிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. வாசலில் கோணி இல்லை. அறைக்கு நடுவில் பாயில் உட்கார்ந்து கன்னியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள். செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற தைரியத்தில் நேற்று மத்தியானம் சும்மா காலை நீட்டினாராம், அவ்வளவுதான் தெரியுமாம். வெளியே நடைவழியில் ஆய்வாளர், சட்டையைச் சரிசெய்துகொண்டு, சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"குடியிருக்கார்னு எழுதிட்டேங்க மேடம், சத்தியமா எழுதிட்டேன். கதவு தொறந்திருக்குதேனு ஒரு கால்தாங்க உள்ள வெச்சேன், 'யார்றா அவன் என் வூட்டுக்குள்ள'னு எழுந்து அடிக்கவே வந்துட்டாருங்க!"

மாதாந்திர அறிக்கையில் 'ஒருவர் நிரந்தரமாகக் குடியமர்த்தப்பட்டார்' என்று ஒரு வரி எழுதினேன்; அதற்காக யாருடைய செருப்பிலோ வீடு போய்ச் சேர்ந்த பக்தர்களையும் எங்கள் கண்காணிப்பாளரையும் எந்தத் தலைப்பின் கீழ் காட்டுவது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.