கண்ணாடியில் ஒட்டிய காகிதம்

ஒரகடத்தில் இரும்புத் தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்புக்கு வருடத்துக்கொருமுறை காது டெஸ்ட் வேன் வரும். உள்ளே ஒரு கூண்டு, ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். எங்களுக்கு ஒரு வித்தை தெரியும். கண்ணாடி வழியே டெஸ்ட் எடுப்பவரின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது அசைந்தால் அழுத்துவோம். காது போனது தெரிந்தால் லைனை விட்டுத் தூக்கி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். இருபது வருடம் இரும்பு இடித்தவனுக்கு அந்த அமைதி அவமானம்.

அந்த வருடம் வந்தவர் ஒரு திருநங்கை. காது டெஸ்டுக்கென்றே படித்தவர். வந்ததும் கண்ணாடியில் காகிதம் ஒட்டினார்.

வரிசையில் சிரிப்பு. "இன்னாடா, மேடமா சாரா?"

"ஏலே, நீ மொதல்ல போ. காதத் தொட்டுப் பாப்பாவளாம்லா!"

அவருக்குக் கேட்டது. லைன் லீடர் நான். ஓர் அதட்டல் போதும். நானும் சிரித்தேன், பாதி வாயால்.

என் முறை. காகிதம் வெள்ளை, வெறும் வெள்ளை, கோடையில் நீர் வடிந்த ஏரி மாதிரி. எதையோ நினைத்து எப்போதோ அழுத்தினேன். வெளியே வந்ததும் அவர் என் நல்ல காதுப் பக்கமாக நகர்ந்து வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "அண்ணா, வலது காது ரொம்ப இறங்கிடுச்சு. இடது காதயாவது காப்பாத்திக்கலாம், மறைக்காதீங்க." பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு: "ஃபேக்டரிக்கு என்னைய அனுப்புறது இதான் மொத தடவ. நல்லபடியா முடிஞ்சா பர்மனென்ட் பண்றேன்னிருக்காங்க."

எல்லாம் தெரிந்துதான் எச்.ஆரிடம் போனேன். "பசங்க சங்கடப்படறாங்க சார். வேற ஆள வச்சு திரும்ப எடுக்கச் சொல்லுங்க."

"வேலையில ஏதாவது குறையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் வேறொருவர் வந்தார், ஆண். காகிதம் இல்லை. விரல் அசைந்தது, அழுத்தினேன், அசைந்தது, அழுத்தினேன். "நார்மல்" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

நெஞ்சு கேட்கவில்லை. "போன வாரம் வந்தவங்க?" என்றேன். சீட்டில் எழுதிக்கொண்டே, தலை குனிந்தபடி ஏதோ சொன்னார்.

"இன்னா சார்?"

மறுபடியும் சொன்னார். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"நிறுத்திட்டாங்கன்னு சொன்னேன்!" என்று கத்தினார். வரிசை முழுக்கத் திரும்பியது.

அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, "அடுத்த ஆளு வாங்க" என்றார்.