பியூலா சிஸ்டரின் காரை யாரும் பார்க்கவில்லை

பியூலா சிஸ்டர் காலமானார் என்ற செய்தி, சென்ற வாரம் நான் அலுவலகத்தில் இருந்தபோது தொலைபேசியில் வந்தது. ஆம்பூரில் எங்கள் எதிர்வீட்டில் நீண்ட காலம் வாழ்ந்தவர். அடக்க ஆராதனையில் பேசிய அனைவரும் அவருடைய சாந்த குணத்தைப் புகழ்ந்தார்கள். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்: அவர் சாந்தமானவர் அல்லர். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை அங்கே எவரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

வேலூரில் வார்டு செவிலியராக இருந்து அவர் ஓய்வு பெற்ற சில மாதங்களில், கணவர் சாலமன் சாரைப் பக்கவாதம் தாக்கியது. வாரந்தோறும் சிகிச்சைக்கு வேலூர் செல்ல வேண்டும். சாரால் பேருந்துப் படி ஏற முடியாது. எனவே சிஸ்டர் ஒரு பழைய காரை வாங்கினார். பதிவுக்காலம் முடியவிருந்ததால்தான் அது மலிவாகக் கிடைத்தது. எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தால் மட்டுமே தொடர்ந்து ஓட்டலாம். சோதனை மைதானத்துக்கு நானும் உடன் சென்றேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, "ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்குதா?" என்று வழக்கம்போல் கேட்டார். இல்லை என்பதே அங்கு எல்லோரும் சொல்லும் விடை. சிஸ்டரோ, வேலைநேரம் முடியும்போது நோயாளியின் நிலையை அடுத்த செவிலியரிடம் ஒன்றுவிடாமல் சொல்லி ஒப்படைத்தே பழகியவர்.

"ஃபுட் பிரேக் நல்லா பிடிக்குது சார். ஹேண்ட் பிரேக் மேட்டுல லேசா நழுவுது. வைப்பர் லெஃப்ட்ல ஸ்லோ. காலைல ஸ்டார்ட் ஆவ கொஞ்சம் அடம் பிடிக்கும்."

பக்கத்தில் நின்ற புரோக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னா சிஸ்டரம்மா, கேஸ் ஷீட்டு படிக்கிறீங்க! வண்டிய அட்மிட் பண்ணவா வந்தீங்க?"

"நழுவுறத நழுவுதுன்னுதான்பா சொல்லணும்."

கார் நிராகரிக்கப்பட்டது. விதிப்படி அது சரி. கைப்பிரேக் நழுவக் கூடாது. ஆனால் எங்களுக்குப் பின்னால் நின்ற பள்ளி வேன் தேறியது, அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து மாட்டிய டயர்களோடு. வெளியே மரத்தடியில் அவற்றைக் கழற்றிவிட்டு, தேய்ந்து வழவழத்த பழைய டயர்களை மாட்டிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தோம்.

"அதுல கொழந்தைங்க போவும் தம்பி" என்றார் சிஸ்டர்.

கைப்பிரேக்கையும் வைப்பரையும் ஸ்டார்ட் கோளாறையும் சரிசெய்தார். மறுசோதனைக்குப் புறப்படுவதற்கு முன்பே சாலமன் சாரின் தம்பி, புதுப்பிக்கப்பட்ட பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். புரோக்கரைப் பிடித்து முடித்திருந்தார். கார் வாசலை விட்டு நகரவே இல்லை.

"பாஸ் ஆய்டுச்சு அண்ணி."

"யாரு பாத்தாங்க?"

"யாரு பாத்தா இன்னா? அண்ணன ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க. சும்மா பேஜார் பண்ணாதீங்க."

மறுநாள் சிஸ்டர் அந்தக் காரை மைதானத்துக்கே ஓட்டிச் சென்று வரிசையில் நிறுத்தினார். நானும் இருந்தேன்.

"அதான் முடிஞ்சிடுச்சே, எதுக்கும்மா வந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க பாக்கல சார். ரிப்பேர் பண்ணியாச்சு. இப்ப பாருங்க."

"பாத்தாச்சுன்னு கையெழுத்தே இருக்குது. வண்டிய எடுங்க, லைன் நிக்குது."

பார்த்தால், முன்பு பார்க்கவில்லை என்றாகிவிடும். ஆகவே அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பானெட்டைத் திறந்து பிடித்தபடி சிஸ்டர் நின்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. யாரோ சிரித்தார்கள்.

சாலமன் சார் மரிக்கும்வரை அந்தக் காரில்தான் சிகிச்சைக்குச் சென்றார். வேறு வழி இல்லை. ஒருநாளும் அது வழியில் நின்றதில்லை. யாராவது நல்ல வண்டி என்று பாராட்டினால் சிஸ்டருக்கு முகம் சிவந்துவிடும். "நல்ல வண்டிதான். ஆனா பாஸ் ஆவல. யாரும் பாக்கல" என்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். காலணித் தொழிற்சாலையில் தரச்சோதனை என் பணி. கட்டிய பெட்டிகளைத் திறக்காமலே கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். திறக்கச் சொல்கிறேன். லாரி தாமதமாகிறது, என்மேல் புகார் போகிறது. பெரும்பாலான பெட்டிகளில் குறை ஒன்றும் இருப்பதில்லை. பழுது நீக்கிய பின் சிஸ்டரின் காரிலும் இருக்கவில்லை.