முருகன் படத்துக்குப் பின்னால் பத்து டாலர்

இந்த ஊரில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரப் பெண் நமக்குப் பணம் தருகிறாள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். மெல்போர்னில் எங்கள் தெருமுனை சூப்பர்மார்க்கெட்டில் பாலும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு போய், கார்டைத் தேய்த்து ரகசிய எண்ணை அமுக்கப் போகும் நேரத்தில், கல்லாவில் நிற்கும் பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல் "எனி கேஷ் அவுட்?" என்று கேட்பாள். வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. ரொக்கம் இருந்தால் எடுத்துக் காட்டு என்று சோதனை போடுகிறாளாக்கும் என்று நினைத்தேன். "நோ கேஷ், நோ கேஷ்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். அவள் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் மாட்டிக்கொண்டவள் மாதிரி வெளியே வருவேன்.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. தொண்ணூற்றைந்தில் கல்யாணமாகி விமானம் ஏறியபோது, ஊரில் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். "அங்கெல்லாம் காசே வேண்டாமாமா? அட்டையத் தேச்சாப் போதுமாமா? குடுத்து வெச்சவ போ!" என்றார்கள். அட்டையில் என் பெயர்தான் பொறித்திருந்தது. கணக்கு என் கணவருடையது. ரகசிய எண் அவர் பிறந்த தேதி. மாதம் பிறந்தால் பேங்கிலிருந்து தாள் வரும். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, நான் எந்தக் கடையில் என்றைக்கு எவ்வளவு தேய்த்தேன் என்று ஒவ்வொன்றாக வட்டம் போடுவார். "மனுசன் பொய் சொல்லுவான் அம்மணி, கார்டு சொல்லாது" என்பார். முதல் குளிர்காலத்தில் விரலெல்லாம் விறைத்துப்போய் ஒரு ஜோடி கையுறை வாங்கினேன். அந்த வட்டத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். எழுந்து வந்து மோதிரக் கையால் வாயிலேயே அறைந்தார். உதடு கிழிந்து, சட்டை நனைந்து, அப்போதும் நான் சொன்னது "வேண்டாமுங்க, உடுங்க" என்றுதான். அடி வாங்கும்போதுகூட 'ங்க' போடாமல் எங்கள் பக்கத்து நாக்கு புரளாது. இப்போது நினைத்தால் அந்த நாக்கின் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

எனக்கு அது புதுக் காட்சி இல்லை. சோமனூரில் எங்களுக்கு நாலு தறி. எங்கள் தறிக்குடோன் வீட்டை ஒட்டியே இருந்தது. அம்மா எங்கள் தறிகளுக்குத் தார் சுற்றுவாள், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை. மத்தியானத்தில் ஓய்வெடுக்காமல் பக்கத்துக் குடோனுக்கும் கூலிக்குச் சுற்றுவாள். அந்தக் கூலிதான் அவளுடைய சிறுவாடு, புருஷனுக்குத் தெரியாமல் பெண்பிள்ளை சேர்க்கிற காசு. நோட்டுகளைச் சுருட்டி, நூல் தீர்ந்த காகிதக் கோனுக்குள் திணித்து, மூலையில் கிடக்கும் காலிக் கோன் குவியலில் போட்டுவிடுவாள். ஒரு சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, போதையோடு வந்த அப்பா கால் தடுக்கி அந்தக் குவியலில் விழுந்தார். எழுந்து ஆத்திரத்தில் எட்டி உதைத்தார். கோன்கள் உருண்டன. ஒன்றிலிருந்து பத்து ரூபாய்ச் சுருள் வெளியே வந்தது.

நாடா என்பது தறியில் குறுக்கே ஓடுகிற, முழ நீளத்துக்குக் கெட்டி மரம், இரண்டு முனையிலும் இரும்புக் கூர். அதை எடுத்து அம்மாவின் நெற்றியில் அடித்தார். "எனக்குத் தெரியாம என்ற ஊட்டுல எவளுக்குடி காசு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தறிக்காரர்கள் நாலு பேரும் குனிந்த தலை நிமிராமல் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தரும் நிறுத்தவில்லை. பிறகு நோட்டுகளை அவள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அந்த ஆளைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மா முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, மறு கையால் துண்டுகளைப் பொறுக்கினாள். சாயங்காலம் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒவ்வொரு நோட்டாக ஒட்டினாள். இருட்டு கட்டின பிறகு திருப்பூர் பஸ்ஸில் ஏறி, கூட்டத்தோடு கூட்டமாகக் கண்டக்டரிடம் தினம் ஒன்றாகத் தள்ளிவிட்டாள். "பொழுது உழுந்தா அவனுக்குக் கண்ணு தெரியாது கண்ணு" என்று கட்டுப் போட்ட தலையோடு சிரித்தாள். அடுத்த வாரமே மறுபடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காசில்தான் கோயமுத்தூரில் நான் காலேஜ் படித்தேன்.

மெல்போர்னில் காசு இல்லாத பெண்ணாக இருந்தபோதுதான் அம்மா எனக்குப் புரிந்தாள். ஊரில் காய்காரியிடம் எட்டணா குறைத்து வாங்கினால் எட்டணா நம்முடையது. இங்கே பேரமும் கிடையாது, சில்லறையும் கிடையாது. பேங்கில் ஆயிரம் இருந்தாலும் எனக்கு அது ஏட்டுச் சுரைக்காய். வீட்டுப் போனில் அம்மாவைக் கூப்பிட்டால் அதுவும் பில்லில் வந்து நிற்கும். பெட்டி போனுக்குப் போட ஒரு நாணயம் இல்லை. அடி விழுந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமானாலும் முதலில் கையில் காசு வேண்டும் என்பது எத்தனை பெரிய கொடுமை!

ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவி, கேஷ் அவுட் என்று கேட்டதும் "ட்வென்டி" என்றாள். கடைக்காரப் பெண் கல்லாவைத் திறந்து இருபது டாலரை எடுத்து நீட்டினாள். சாமான் விலையோடு அந்த இருபதும் சேர்ந்து ஒரே தொகையாகக் கார்டில் போய்விட்டது. அடுத்த வாரம் நானும் "டென்" என்றேன். நீல நோட்டு கைக்கு வந்தது. ரசீதைக் கடை வாசல் குப்பைத்தொட்டியிலேயே கிழித்துப் போட்டேன். தாள் வந்த அன்றைக்குச் சிவப்புப் பேனா ஒரு வரியில் நின்றது. "என்னது, இந்த மாசம் இத்தனை?" என்றார். "கத்திரிக்காய் வெலை ஏறிப்போச்சுங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நான் கத்திரிக்காய்க்குள் மறைத்தேன். கார்டும் பொய் சொல்லும், சொல்ல வைக்கத் தெரிய வேண்டும்.

சேர்ந்த நோட்டுகளை உறையப்போட்ட தேங்காய்த் துருவல் டப்பாவின் அடியில் வைத்தேன். இந்த நாட்டு நோட்டு பிளாஸ்டிக், நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் முதல் நோட்டை மட்டும் அங்கே வைக்க மனசு வரவில்லை. முதல் காசு சாமிக்கு என்பது அம்மாவின் பழக்கம். மஞ்சள் தடவி முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

இரண்டாவது நோட்டில் போன் கார்டு வாங்கி, ரயிலடிப் பெட்டி போனிலிருந்து சோமனூர் எஸ்.டி.டி. பூத்தைப் பிடித்தேன். பூத்துக்காரர் ஆளனுப்பி அம்மாவைக் கூட்டிவரும்வரை காத்திருந்து மறுபடி அடித்தேன். அவள் குரல் கேட்டதும் அழுகைதான் வந்தது. "அடிக்கறாரும்மா" என்றேன். அனுசரிச்சுப் போ கண்ணு என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"கையில எத்தன வெச்சிருக்கறே?" என்றாள்.

"இப்பத்தாம்மா ஆரம்பிச்சிருக்கறேன்."

"சேரி. உட்டுப்போடாதே. நெறய சேரு."

சேர்த்தேன். ஏழெட்டு மாதம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்துக்கு மேலே கடிகாரம் மாட்டுவதற்காக ஆணி அடித்தார். படம் ஆடியது, மஞ்சள் பூசிய நீல நோட்டு அவர் காலடியில் விழுந்தது. எவன் கொடுத்தான் என்றுதான் முதல் கேள்வி. நோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. முறுக்கினார். பல்லால் கடித்து இழுத்தார். பிளாஸ்டிக் அசைந்துகொடுக்கவில்லை. பயத்தின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பை அவர் பார்த்துவிட்டார். இனி எனக்கு அவர் இல்லை, அவன். கையில் இருந்த சுத்தியலால் என் மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "எவன்டி குடுத்தான்?" என்று அவன் கத்த, எனக்கு நாலு தறி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தத்தின் நடுவே தேங்காய் டப்பாவை மட்டும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலையில் அவன் வேலைக்குப் போனதும், நல்ல கையால் டப்பாவை எடுத்துச் சுடுதண்ணீரில் கவிழ்த்தேன். பெட்டி போன் கண்ணாடியில் பெண்கள் காப்பகத்தின் நம்பர் ஒட்டியிருந்ததை வாரா வாரம் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். அங்கே போன் செய்து, அவர்கள் சொன்ன இடத்தில் டாக்ஸியிலிருந்து இறங்கி நோட்டை நீட்டினேன். டிரைவர் தொட்டுப் பார்த்து, ஏன் இத்தனை சில்லென்று இருக்கிறது என்று கேட்டார். "கோகனட்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீங்கிய என் முகத்தைப் பார்த்து, தலைக்குத்தான் அடி என்று நினைத்திருப்பார். மீதிச் சில்லறையைக் கவனமாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் ஊருக்கு ஓடி வரவில்லை என்று கேட்பீர்கள். வந்திருந்தால் நாலு பெரிய மனுசர்கள் கூடிப் பேசி, அவனுடைய மானத்துக்காக என்னைத் திருப்பி ஏற்றி விட்டிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

இப்போது எனக்குச் சொந்த வேலை, சொந்தக் கணக்கு. சென்ற வருஷம் சோமனூர் போனேன். அப்பா கட்டிலில் கிடக்கிறார், ஏசுகிற வாய் மட்டும் ஓயவில்லை. அம்மாவைத் தறிக்குடோன் மூலைக்குக் கூட்டிப்போய், வளைந்த என் மணிக்கட்டைத் தடவவிட்டு, பிறகு கேட்டேன். "எதுக்கும்மா அத்தன அடிய வாங்கிட்டு மறுபடி மறுபடி சேர்த்தே?"

"ஒரு நாளைக்கு உன்னயக் கூட்டிட்டு எங்கயாவது போயர்லாம்னுதான் கண்ணு. பொறகு நீ காலேஜ் போறேன்னே. அதுல செலவாயிப்போச்சு."

பையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மறுபடி பலமாக இழுத்தாள். நெற்றித் தழும்பு சுருங்க என்னைப் பார்த்தாள்.

"இது இங்க செல்லாதும்மா" என்றேன்.

"செல்லாட்டிப் போகுது. கிழியாதில்ல?"

அதைச் சுருட்டி ஒரு காலிக் கோனுக்குள் திணித்துக் குவியலில் போட்டாள். அதே குவியலில் கைவிட்டுத் துழாவி வேறொரு சுருளை எடுத்துத் தந்தாள். பருக்கை போட்டு ஒட்டிய பழைய பத்து ரூபாய். எந்தக் கண்டக்டரும் வாங்காமல் தங்கிப்போனது அது ஒன்றுதானாம். அது இப்போது மெல்போர்னில் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதுவும் இங்கே செல்லாது. ஆனாலும் வாரா வாரம் அந்தப் பெண் "எனி கேஷ் அவுட்?" என்று கேட்கும்போது, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், "டென்" என்றுதான் சொல்கிறேன்.