மஞ்சள் காருக்கு ஓவர் இல்லை

எங்கள் அலெக்சாந்திரியாவில் யாரும் தனக்காகக் கார் வாங்குவதில்லை. நாளைக்குத் தன்னிடமிருந்து அதை வாங்கப்போகிறவனுக்காகத்தான் வாங்குகிறார்கள். அந்த ஆளுக்குப் பேரும் கிடையாது, முகமும் கிடையாது. ஆனாலும் வீட்டில் மாமனாரைவிட அவனுக்குத்தான் மரியாதை. அவனுக்கு வெள்ளை நிறம் பிடிக்கும், வெள்ளி நிறம் பிடிக்கும், ஆட்டோமேட்டிக் கியர் பிடிக்கும். அவனுக்குப் பிடிக்காததை வாங்குகிறவனைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டும்.

பல் டாக்டர் இப்திஹாலின் கணவர் ரவூஃப் அந்த முகமில்லாத ஆளின் பரம பக்தர். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். தங்கமான மனுஷன். இருபத்துநாலு வருஷத்தில் மனைவியை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் ருஷ்தியில் இருக்கும் அவர்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூட, நாளைக்கு அந்த வீட்டை வாங்கப்போகிறவனை மனசில் வைத்துத்தான் முடிவு செய்தார்.

இப்திஹால் நேர் எதிர். நாற்பத்தேழு வயது, குட்டையான உருவம், பூப்போல கை. அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் பல்லைப் பிடுங்கியதே தெரியாமல் சிரித்துக்கொண்டு போகும். அதே கை ஸ்டீயரிங்கைத் தொட்டால் வேறு கை ஆகிவிடும். அவர் கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் தக்காளி வண்டிக்காரர் தன் வண்டியை ஓரமாக இழுத்துக்கொள்வார். பதினாலு வருஷம் ஒரு வெள்ளி நிற ஆட்டோமேட்டிக் காரை அந்தக் கையால் விரட்டியிருந்தார். அது தூங்கி வழிகிற வண்டி. அவர் ஆசைப்பட்டதெல்லாம் குட்டியாக, குட்டை உடம்பாக, கையால் கியர் மாற்றுகிற, மிதித்தால் சீறுகிற ஒரு ஹேட்ச்பேக். இந்த வருஷம் அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்து பழைய காரை விற்பனைக்குப் போட்டார்.

ஒரே காலையில் விற்றுவிட்டது. பழைய கார் விற்கிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "லேடி டாக்டர் ஓட்டின வண்டி. வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு." வாங்க வந்த மருந்துக்கடைக்காரருக்கோ நிஜமாகவே ஒரு லேடி டாக்டர் கண்ணெதிரே நின்றார். மனுஷனுக்குக் கண்ணீர் வராத குறை.

இப்திஹாலுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, உள்ளதைச் சொல்லிடறேன். பாலைவன ரோட்டுல இதை நூத்தி அம்பதுல ஓட்டியிருக்கேன்" என்றார்.

"அடேயப்பா, டாக்டரம்மாவுக்குத் தமாஷ் வேற வருது!" என்று சிரித்துவிட்டுக் கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கிப்போனார் அவர்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. துறைமுகத்தில் கார் வருவது குறைந்துபோயிருந்த காலம். ஸ்மூஹாவில் கம்பெனி ஏஜென்டிடம் போனால், "முன்பணம் கட்டுங்க, எட்டு மாசம் ஆகும். விலை அன்னைக்கு என்னவோ அது" என்றார்கள். ரோட்டைத் தாண்டினால் எதிரிலேயே ஹாஜி ஃபத்ஹியின் ஷோரூம். ஏஜென்ட் இல்லை என்று கைவிரித்த அதே கார் அங்கே வெள்ளையில் பளபளவென்று நின்றது.

"நாளைக்கே எடுத்துட்டுப் போலாம் டாக்டரம்மா. விலை எட்டு லட்சத்து இருபதாயிரம் பவுண்டு. அதுக்கு மேல ஓவர் ஒண்ணரை லட்சம்" என்றார் ஹாஜி, புதினா டீயை நகர்த்தி வைத்தபடி.

ஓவர் என்றால், கம்பெனி விலைக்கு மேலே வியாபாரி வாங்கிக்கொள்ளும் காசு. ரசீதில் வராது. ஊரில் எல்லோரும் திட்டுவார்கள், எல்லோரும் கொடுப்பார்கள்.

"ஒண்ணரை லட்சத்துக்கு எனக்கு என்ன கிடைக்கும் ஹாஜி? இன்னொரு டயரா?"

"எட்டு மாசம் கிடைக்கும். காலத்தை விக்கிறோம்மா நாங்க."

"வியாழக்கிழமை சாயங்காலம் பல்வலியில துடிச்சுக்கிட்டு ஒருத்தர் வர்றார். 'வெள்ளி லீவு, சனிக்கிழமை வந்தா பலகையில போட்ட விலை, இப்பவே வேணும்னா ஓவர் குடு'ன்னு நான் கேட்டா எப்படி இருக்கும்?"

ஹாஜி தன் டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கினார். "நல்லாத்தான் இருக்கும். ஏன், நீங்க கேக்கறதில்லையா?"

இப்திஹால் டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். ஒரு பவுண்டுகூட ஓவர் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு வைராக்கியம் வைத்தார். வைராக்கியம் வைப்பது சுலபம். கார் இல்லாமல் டிராமில் நின்றுகொண்டு போகும்போதுதான் அதன் கனம் தெரியும். கையிலிருந்த காசும் பவுண்டின் மதிப்பு இறங்க இறங்க இளைத்துக்கொண்டே வந்தது.

ரவூஃப் மாற்று வழிகள் தேடினார். பீரோ உயரத்துக்கு ஒரு சீன வண்டியைக் காட்டினார். "ஓவர் கிடையாது, இன்சூரன்ஸ் இலவசம், வெள்ளை நிறம். விக்கப் போனா கொத்திக்கிட்டுப் போவான்."

"இதுல ஏற ஏணி தருவாங்களா?" என்று கேட்டார் இப்திஹால்.

அடுத்து வெள்ளிக்கிழமைக் கார்ச் சந்தை. அங்கே அவர் தேடிய ஹேட்ச்பேக் ஒன்று, மூன்று வயசு, நின்றது. விற்கிறவன் வாயைத் திறந்ததுமே, "லேடி டாக்டர் வண்டிங்க. பல் டாக்டர். சீதி ஜாபிர்ல கிளினிக்" என்றான்.

"அப்படியா? பேர் என்ன?"

"பேர்... டாக்டர் ஸுஹைர்."

"சீதி ஜாபிர்ல எனக்குத் தெரியாத பல் டாக்டர் கிடையாது தம்பி. நானே அங்கதான் இருக்கேன்." இப்திஹால் குனிந்து டயரைப் பார்த்தார். ஓரமெல்லாம் மழுங்கி வழுக்கையாகியிருந்தது. "ஆனா இந்த ஸுஹைர் வளைவுல திரும்பியிருக்கற அழகைப் பாத்தா, அவளோட உக்காந்து ஒரு காபி குடிக்கணும்போல இருக்கு." அவன் அசடு வழிந்தான். கதவு இடுக்கில் புதுப் பெயின்ட். அடிபட்ட வண்டி. அதோடு அந்தக் கதை முடிந்தது.

இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் வேறு வழியில்லாமல், வைராக்கியத்தில் பாதியை விழுங்கிக்கொண்டு, ஓவரைக் குறைத்துக் கேட்கலாமென்று ரவூஃபையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஹாஜி ஃபத்ஹியிடம் போனார். போகிற வழியெல்லாம் ரவூஃப் பாடம் நடத்தினார். "முகத்தை உர்ருன்னு வெச்சுக்கோ. பிடிச்சிருக்குன்னு காட்டினே, தொலைஞ்சோம்."

கழிப்பறை எங்கே என்று கேட்டு ஷோரூமின் பின்பக்கம் போன இப்திஹால் அங்கேயே நின்றுவிட்டார். தகரக் கொட்டகையில், டயர் அடுக்குக்குப் பக்கத்தில், அவர் ஆசைப்பட்ட அதே மாடல் கார் தூசி படிந்து நின்றது. ஆறு கியர், கையால் மாற்றுவது. உடம்பு மஞ்சள், கூரை கறுப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன குற்றம் என்று தோன்றும். எங்கள் ஊர் டாக்ஸிகள் கறுப்பும் மஞ்சளும். அலெக்சாந்திரியாவில் பிறந்தவன் எவனும் சொந்தக் காசு போட்டு அந்த நிறத்தில் கார் வாங்கமாட்டான்.

"அதை எதுக்கும்மா பாக்கறீங்க?" ஹாஜி பதறிக்கொண்டு வந்தார். "ஒரு மாப்பிள்ளை சொல்லி வரவழைச்சது. மாமியார் ஒரே பார்வைதான் பாத்தாங்க. 'என் பொண்ணை டாக்ஸிலயா கூட்டிட்டுப் போவே?'ன்னுட்டாங்க. அதுலேருந்து கிடக்கு."

இப்திஹால் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கியரைப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இன்னதென்று சொல்ல முடியாத சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிச் சிரிக்கவில்லை என்று ரவூஃபுக்குத் தோன்றியது. ஆனால் அவருக்குக் கவலை வேறு. தலையில் கை வைத்துக்கொண்டார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். வியாபாரிக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

"கம்பெனி விலைதான்" என்றார் ஹாஜி. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதோட ஒரு முப்பதாயிரம்."

"அது எதுக்கு முப்பதாயிரம்?"

"நீங்க சிரிச்சீங்களே டாக்டரம்மா, அதுக்கு."

"ஹாஜி, இது எத்தனை மாசமா இங்க கிடக்கு?"

"பதினோரு மாசம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் பாவம்.

"வெள்ளைக் காருக்கு நீங்க ஓவர் வாங்கறீங்க. மஞ்சளுக்கு நீங்கதான் எனக்கு ஓவர் தரணும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இப்திஹால்!" ரவூஃப் அவர் காதோரம் குனிந்தார். "வேண்டாம்மா. கியர் வண்டி, மஞ்சள் வண்டி. இதை நம்மகிட்டேயிருந்து எவன் வாங்குவான்?"

"நான் இன்னும் வாங்கவே இல்லை யா ரவூஃப். அதுக்குள்ள விக்கச் சொல்றியே!"

கடைசியில் கம்பெனி விலையில் பத்தாயிரம் தள்ளி, காலடி விரிப்பும் கொசுறாகக் கொடுத்து, அந்தக் காரைத் தலைமுழுகிய நிம்மதியில் ஹாஜியே வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊர் எதிர்பார்த்ததுதான். சிக்னலில் நின்றால் கை காட்டினார்கள். ஒருவர் பின்கதவைத் திறந்து ஏறி, "மன்ஷியா போப்பா" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை விரித்துவிட்டார். கிளினிக்கில் நர்ஸ் இன்ஷிராஹ் தினமும் காலையில், "டாக்டரம்மா, முஹர்ரம் பே போக எவ்வளவு கேப்பீங்க?" என்பாள். இப்திஹால் எதற்கும் அசரவில்லை. காலையில் அரைமணி முன்னதாகவே எழுந்து, நேர்வழியை விட்டுவிட்டுக் கடற்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். ஸ்டான்லி வளைவில் மூன்றாம் கியரில் அந்தக் குட்டி இன்ஜின் உறுமும்போது அவருக்கு வயசே மறந்துபோனது. ரவூஃப் மட்டும் ஏறவில்லை. "டாக்ஸியில போற வசதி எனக்கில்லம்மா" என்று டிராமிலேயே துறைமுகத்துக்குப் போய்வந்தார். நாலு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு திங்கட்கிழமை ஹாஜி ஃபத்ஹி போன் செய்தார். இறக்குமதி அடியோடு நின்றுவிட்டதாம். அந்த மாடலில் நாட்டிலேயே புது வண்டி இல்லையாம். "கெய்ரோவுல ஒரு பார்ட்டி ஒத்தக்கால்ல நிக்கறார். அங்க டாக்ஸியெல்லாம் வெள்ளை பாருங்க, மஞ்சளைப் பத்தி அவருக்குக் கவலையே இல்ல. நீங்க குடுத்த விலைக்கு மேல மூணு லட்சம் ஓவர்!"

பக்கத்திலிருந்த ரவூஃப் போனில் காதை வைத்தார். வாழ்நாளெல்லாம் அவர் கும்பிட்ட முகமில்லாத ஆள், இதோ, கையில் பணத்தோடு வந்து நிற்கிறான்.

"திட்டித் தீர்த்த காசை நானே வாங்கறதா?" என்று கேட்டார் இப்திஹால்.

"மூணு லட்சம்மா. நான் உங்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை."

உண்மைதான், கேட்டதில்லை. இப்திஹாலுக்குப் பெற்ற பிள்ளையையே கேட்டதுபோல இருந்தது. ஆனாலும் இந்த மனுஷனுக்கு எப்படி இல்லையென்று சொல்வது? சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே ஓட்டிட்டுப் போய்க் குடு. என் கையால முடியாது."

கிளினிக்கில் அன்றைக்கு ஒரு சின்னப் பெண்ணின் பால் பல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இப்திஹாலுக்கோ கவனமே இல்லை. ஸ்மூஹா என்ன தூரம், கால்மணி. ஒரு மணி நேரமாயிற்று. ரெண்டு மணி நேரமாயிற்று. இந்நேரம் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கையில் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண்ணே, "வலிக்குதா டாக்டர்?" என்று கேட்டது.

"டாக்டரம்மா, கீழ ஒரு டாக்ஸி வந்து நிக்குது" என்றாள் ஜன்னலோரம் நின்ற இன்ஷிராஹ். "ஓட்டறவர் உங்க வீட்டுக்காரர்போல இருக்கார்."

இப்திஹால் கையுறையோடு படியிறங்கி ஓடினார். நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. எண்ணெய் தடவிப் படிய வாரிய ரவூஃபின் தலைமுடி காற்றில் குத்திட்டு நின்றது. கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"ஹாஜி என்ன சொன்னார்?"

"ஹாஜியா? அங்க நான் போகவே இல்லையே. சாலை முனையில ஒரு அம்மா மீன் கூடையோட கை காட்டிச்சு. நிறுத்தாம எப்படிப் போறது? மியாமி போகணும்னுச்சு."

"மியாமியா? அது ஊரோட கிழக்குக் கோடியில, கடலோரமாச்சே! ஹாஜி கடை தெற்கேல்ல இருக்கு!"

"ஆமா" என்றார் ரவூஃப். "ஸ்டான்லியில மூணாவது கியர் போட்டேன். யா இப்திஹால், ஏன் நீ எனக்கு இதைச் சொல்லவே இல்லை?"

இப்திஹால் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். சீட்டெல்லாம் ஈரம். செதில்கள் ஒட்டிக்கொண்டு மின்னின. மத்தி வாடை மூக்கைத் துளைத்தது.

"திரும்பற இடத்துல கூடை சாஞ்சுடுச்சு" என்றார் ரவூஃப். முகத்தில் துளி வருத்தமில்லை. "மூணு தடவை துடைச்சாச்சு, வாடை போகமாட்டேங்குது. இனிமே இதை எவன் வாங்குவான், சொல்லு?"

இப்திஹாலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் அவர் கன்னத்தைக் கையுறைக் கையால் கிள்ளினார். பிறகு அந்தக் கையையே நீட்டினார்.

"சரி, சாவியைக் குடு."

ரவூஃப் இன்ஜினை அணைக்கவில்லை. "காலையில தர்றேனே" என்றார்.