பின்னோக்கி நீந்திய மீன்

குழந்தைகளுக்காகப் பதினோரு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். படங்களும் என் கைவண்ணம்தான். முதல் படம் எது என்று எல்லாரும் கேட்பார்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒன்பது வயதில், திரேஸ்புரம் கடற்கரையில் ஒரு புது வள்ளத்தின் மேல் வரைந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வள்ளங்களுக்குப் பெயரும் படமும் எழுதுகிறவர். விடுமுறை விட்டால் நான் அவருக்கு வால். மறுநாள் காலையில் மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்ததும் அந்த வள்ளம் கடலில் இறங்க வேண்டும். மாமா பெயர் எழுதிக்கொண்டிருக்க, முன்பக்கத்தில் இரு புறமும் மீன் வரையும் பொறுப்பு எனக்கு வந்தது. வந்தது என்ன, அடம்பிடித்து வாங்கினேன்.

என் நோட்டில் எல்லா மீன்களும் இடது பக்கம் பார்த்துத்தான் நீந்தும். வள்ளத்திலும் அப்படியே வரைந்துவைத்தேன். இடப்புறத்து மீன் ஒழுங்காக முன்னே போனது. வலப்புறத்து மீன் பின்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

சாயங்காலம் வள்ளக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. மாமா பக்கம் திரும்பினார்.

"ஏலே, வள்ளம் கடலுக்குப் போவுது, மீனு கரைக்குத் திரும்புது. மொத நாளே இப்படின்னா நான் எப்படிலே எறக்க?"

அழித்து மறுபடி வெள்ளையடித்து வரைய, காலைக்குள் நேரம் போதாது. அந்தக் கரையில் நல்ல பெயர் போனால் மாமாவுக்கு வேறு பிழைப்பும் இல்லை. பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"அது திரும்பல தாத்தா. பின்னால வாற மீனயெல்லாம் வள்ளத்துக்குக் கூப்பிடுது."

மாமா சிரிக்கவில்லை. பிரஷை என் கையில் கொடுத்தார். "ஏளா, அப்ப வாற மீன வரை."

வலது பக்கம் பார்க்கும் மீன் எனக்கு அன்றுதான் கைவந்தது. பதினேழு குட்டி மீன்கள். வள்ளக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, நல்லாக் கூப்பிடட்டும்" என்று போனார்.

கிளம்புமுன் மாமா, வழக்கமாகத் தன் பெயரை எழுதும் மூலையில் என் பெயரை எழுதினார். வீடுவரை அழுதுகொண்டே வந்தேன். தப்புச் செய்தது யார் என்று கடல் முழுக்கத் தெரியட்டும் என எழுதிவிட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் விளக்கம் சொல்லவில்லை.

இன்று பதினோரு அட்டைகளில் என் பெயர் இருக்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. மாமா தன் மூலையை வேறு யாருக்கும் கொடுத்ததே இல்லை என்பது மட்டும் அழுதுகொண்டு போன அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.