கவுச்சி வேற, வாடை வேற

ஈயம் பற்றவைக்கும் கம்பி ஒன்று என் மேசைமேல் எப்போதும் கிடக்கும். ரேடியோ ரிப்பேர் கடைச் சாமானுக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் என்ன வேலை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பன்றிக் கொழுப்பில் அதைச் சுடச்சுட வைத்தால் புகை எழும்பும். காயடிக்காத ஆண் பன்றியாக இருந்தால் சில சமயம் அந்தப் புகையில் மூத்திர வாடை வரும். எல்லார் மூக்குக்கும் அது எட்டாது. என் மூக்குக்கு எட்டாது. வேதியியல் படித்துவிட்டு அதை வெளியே சொல்ல அப்போது எனக்கு வெட்கம்.

சேதராப்பட்டில் முன்பு நான் வேலை பார்த்த கூடத்தில் குடுவை கழுவ ஓர் அக்கா வருவார். பிள்ளைச்சாவடிக்காரர், மீன் விற்கும் குடும்பம். கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாள், ழாம்போன் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் உப்பிட்ட பன்றித் தொடை செய்து விற்கிற ஒரு கம்பெனியிலிருந்து பன்றித் தொடைக்கறி பரிசோதனைக்கு வந்தது. கம்பியை வைத்தேன், முகர்ந்தேன், ‘வாடை இல்லை’ என்று எழுதினேன். மேனேஜரும் முகர்ந்து தலையாட்டினார். அக்கா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மூத்திர வாடை கொடலப் பொரட்டுது தம்பி, ஒனக்குத் தெரியலியா?”

மேனேஜர் சிரித்தார். “மீன் கூடையில பொறந்தவ நாத்தத்தப் பத்திப் பேசறா பாரு. கறின்னா கவுச்சி இருக்கும்மா.”

“கவுச்சி வேற, வாடை வேற சார். கவுச்சியிலயே வளந்தவ நானு. எனக்குத் தெரியாதா?”

எனக்குச் சுருக்கென்றது. கொழுப்பை உருக்கிப் பிரித்து இயந்திரத்தில் ஏற்றினேன். திரையில் அந்த வாடைக்குரிய இடத்தில் கோடு பனைமரமாய் நிமிர்ந்தது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் நிமிர்ந்தது. “இயற்கையான கவுச்சின்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார் மேனேஜர். மாட்டேன் என்றேன். நான் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, அக்கா சொன்னதை எழுதிக் கையெழுத்திட்டேன். பட்டம் வாங்கிய என்னை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். மறுநாள் அக்காவை வர வேண்டாம் என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அன்றே நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது புதுச்சேரி டவுனில் அக்காவும் நானும் நடத்துவது ஒரு சின்னக் கூடம். எங்கள் அறிக்கையில் இரண்டு கையெழுத்து இருக்கும். இயந்திரத்துக்கு என்னுடையது, மூக்குக்கு அக்காவுடையது. “படிக்காத பொம்பள கையெழுத்து எதுக்கு?” என்று போன வாரம் ஒருவர் கேட்டார். கறியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து வாசலைக் காட்டினேன்.

இன்று காலையும் கம்பி சீறியது, புகை எழும்பியது. குனிந்து முகர்ந்தேன். வழக்கம்போல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, “எழுது தம்பி” என்றார்.

எழுதினேன்.