43 என்பதை 53 என்று படிக்கவும்

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பத்தொன்பது வருடங்களாக மெய்ப்புத் திருத்துகிறாள். ஒற்றுப்பிழை எதுவும் அவள் மேசையைத் தாண்டி உயிரோடு போனதில்லை. சாமி, சகுனம், சோதிடம் எதையும் நம்பாதவள். அச்சுப்பிழை இல்லாத புத்தகத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். எழுத்தில் இத்தனை கவனமாக இருப்பவன் விஷயத்தில் கோட்டை விடுவானா என்பது அவள் வாதம். அந்த வாதம்தான் அவளை ஏழு மாதம் பட்டினி போட்டது.

பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது அது. உடல் இளைக்க வழி சொல்லும் புத்தகம். நின்றபடியே முப்பது பக்கம் மேய்ந்தாள்; ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் படித்தபோது எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘சராசரி உயரமுள்ள பெண் 43 கிலோவுக்கு மேல் இருப்பது சோம்பலின் அடையாளம்.’ அவள் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தாள். சுருக்கென்றது.

அன்றிலிருந்து காலையில் பாதி ஆப்பிள், மதியம் வேகவைத்த காய், மாலையில் மீதி ஆப்பிள். பேருந்து ஓட்டுநரான கணவர் கேலி பேசிப் பார்த்தார்.

“வெளிய போறப்ப பையில ரெண்டு கல்லு போட்டுக்கோ. காத்து பலமா அடிக்குது.”

“உங்களுக்குத் தொப்பை இருக்கிற பொறாமைல பேசாதீங்க.”

எடை நாற்பத்தேழில் வந்து நின்றது. அதற்குள் எழுத்துகள் ஆட ஆரம்பித்துவிட்டன. ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஒரு கூட்ட அறிவிப்பில் ‘தலைவரின் சிறப்புரை’ என்பது ‘தலைவரின் சிரிப்புரை’ என்று அச்சாகி ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. மேலாளர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கண்ணைக் காட்டிட்டு வாங்கம்மா. சரியாகலேன்னா பைண்டிங் பக்கம் மாத்திடுறேன்.”

கண் போனால் என்ன மிச்சம்? வேலையும் படிப்பும் அவளுக்கு அந்த இரண்டு கண்களில்தான் இருந்தன. மருத்துவர் விளக்கை அடித்து, எழுத்துப் பலகையைக் காட்டி, எடையும் பார்த்து, எல்லாச் சோதனையும் முடித்தார். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

“கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. காலையில என்ன சாப்டீங்க?”

“பாதி ஆப்பிள்.”

“மீதிப் பாதி?”

“சாயங்காலத்துக்கு.”

மருத்துவர் விளக்கை அணைத்தார். “உங்க உயரத்துக்கு நாப்பத்தேழே கம்மிம்மா. பசிச்சா எழுத்து ஆடத்தான் செய்யும்.”

“நாப்பத்தி மூணுன்னு புத்தகத்துல போட்டிருக்கே?”

“தப்பா அச்சாகியிருக்கும்.”

“அதுல அச்சுப்பிழையே கிடையாது டாக்டர்!” அவள் குரல் உயர்ந்துவிட்டது.

சந்தேகம் வந்தால் இன்னொரு படியோடு ஒப்பிட வேண்டும். அது அவள் தொழில் வழக்கம். நேராகப் பழைய புத்தகக் கடைக்குப் போனாள். நல்லவேளை, அன்று காலை வந்திறங்கிய மூட்டையில் அதே புத்தகம் ஒன்று இருந்தது. விரித்ததும் ஒரு துண்டுச் சீட்டு நழுவி விழுந்தது. ‘பிழைதிருத்தம்: பக்கம் 88, வரி 6. 43 என்பதை 53 என்று படிக்கவும்.’

“என் புத்தகத்துல இந்தச் சீட்டு இல்லையே!”

“எப்படிக்கா இருக்கும்? வர்ற புத்தகத்தையெல்லாம் நல்லா உதறித்தானே அடுக்குறேன்? பஸ் டிக்கெட்டு, சீட்டு, காஞ்ச பூவுன்னு அவ்வளவு குப்பை!” என்றார் கடைக்காரர் பெருமையாக.

“ஏழு மாசச் சாப்பாட்டை உதறிட்டீங்களேய்யா!”

விவரம் கேட்டதும் அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. தன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் மறுக்கவில்லை. பாதி ரொட்டி உள்ளே போனதும் சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. கண் இருக்கிறது. வெறும் பசிதான்.

முழு வயிற்றோடு அந்த வரியை மறுபடி படித்தபோது கோபமும் வந்தது. எண்ணைத் திருத்தியவர்கள் ‘சோம்பல்’ என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தார்கள். விடியுமுன் எழுந்து வீட்டையும் பகலெல்லாம் அச்சகத்தையும் சுமப்பவளைத் தராசில் ஏற்றிச் சோம்பேறி என்கிறான் ஒருவன். ஆணின் தொப்பைக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை முழுசாக அடித்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டாள்.

“அக்கா, அது விக்கிற புத்தகம்!”

“இப்பத்தான் விக்கிற மாதிரி ஆகியிருக்கு.”

அடுத்த வாரம் முழுக்க வயிறாரச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை மேலாளர் ஒரு சுற்றறிக்கையை நீட்டி, தயங்கியபடி, “பாருங்க, முடியுதா?” என்றார். ‘ர’ தனியாக நின்றது, துணைக்கால் தனியாக நின்றது. ‘ஊழியர்கள் இனி கவணமாக இருக்கவும்’ என்றிருந்தது. மூன்று சுழி ‘ண’வை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“கவண் எடுத்துக் கல்லெறியச் சொல்றீங்களா சார்?”